முப்பத்தோரு ஊர்களும் ஒரு ரூபாயும்

யார் எந்தக் காசைக் கொடுத்தாலும் அவள் அதைத் தலைப்பக்கம் கவிழ்த்துத்தான் கீழே வைப்பாள். தயிர்க்காரி மீதி தரும் காலணாவானாலும் சரி, பள்ளிக்கூடத்துச் சம்பளமானாலும் சரி, கோயிலில் காணிக்கைப் பை வரும்போது போடுகிற அரையணாவானாலும் சரி. பைக்குள் விழுந்த பிறகு எப்படிக் கிடந்தால் உனக்கென்ன என்று ஒருநாள் கேட்டேன். "பைக்குள்ள அது இஷ்டம். என் கையில இருக்க வரைக்கும் என் இஷ்டம்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

பேரைச் சொல்ல மாட்டேன். இப்படி எழுதப் போகிறேன் என்று தெரிந்திருந்தால் பேரைப் போடாதே என்று அவளே கண்டிஷனாகச் சொல்லியிருப்பாள். எனக்கு அவள் அக்கா, கூடப் பிறக்காத அக்கா. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் அவள் கணக்கும் பூமிசாஸ்திரமும் சொல்லிக்கொடுத்தாள், நான் தையல். பள்ளிக்கூடத்து வளவுக்குள்ளேயே எங்கள் இரண்டு பேருக்கும் வீடு. நடுவில் ஒரே சுவர். அவள் மிளகாய் வறுத்தால் எனக்குத் தும்மல் வரும். இரண்டு பேருமே தனிக்கட்டைதான். அவளுக்குப் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு வாய்க்கவே இல்லை, அது வேறு கதை, அதை யாரும் கேட்கவும் வேண்டாம்.

அவள் சேர்த்து வைத்திருந்தது பழைய ரோமாபுரிக் காலத்துக் காசு. ரோமாபுரியிலேயே அடித்ததை அவள் சீந்தக்கூட மாட்டாள். ரோமாபுரி ராஜாவின் ஆட்சிக்குக் கீழே தூரத்தில் கிடந்த ஊர்கள் தங்களுக்குத் தாங்களே அடித்துக்கொண்ட செம்புக் காசுதான் அவளுக்கு வேண்டும். ஒருபக்கம் ராஜா தலை இருக்கும், அது கட்டாயம். மறுபக்கம் அந்தந்த ஊர்க்காரன் இஷ்டம். தன் ஊர்க் கோயிலைப் போடுவான், சாமியைப் போடுவான், பாயும் ஆற்றைப் போடுவான், சுற்றிலும் ஊர்ப் பேரைத் தன் எழுத்தில் போடுவான். அக்காவுக்கு அந்தப் பக்கம்தான் காசு. தலைப்பக்கத்தைப் பற்றிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

"நூறு ஊர்ல ஒரே மூக்கு. அதைப் பாத்து என்ன செய்யுதது?" என்பாள். "மேலருந்து போடச் சொன்னான், போட்டுட்டான். பின்பக்கம் அவனே யோசிச்சுப் போட்டது."

இந்தக் கிறுக்கு அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அவள் புருஷன் உபதேசியார். பாதிரியாராக, ஐயர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் படிப்புக்குக் கிரேக்கு பாஷை வேண்டும். மனுஷனுக்கு அது மண்டையில் ஏறவில்லை. தினம் சாயங்காலம் இவள் அரிசி புடைத்துக்கொண்டே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவரை ஒப்பிக்க வைத்திருக்கிறாள். அவர் தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டுமே, அதற்காக எழுத்தைக் கற்றுக்கொண்டாள். பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கையில் காலரா வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது. "ஆளை எடுத்துட்டு எழுத்தை விட்டுட்டுப் போயிட்டு" என்று ஒரே ஒருதடவை சொன்னாள். சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிக்கொண்டு உள்ளே போனாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

காசு வந்தது காயல்பட்டணத்து மரைக்காயர் ஒருவர் மூலமாக. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பின்னுகிற லேஸை வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர் அவர். மாசம் ஒருதடவை என்னிடம் சரக்கு எடுக்க வருவார். கப்பல் கம்பெனிக்கு இங்கிலீஷில் கடுதாசி எழுத ஆள் இல்லாமல் திண்டாடினார், அக்கா எழுதிக் கொடுத்தாள். கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். மனுஷன் ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தபோது, ஜித்தாவில் காசு மாற்றுகிற ஒரு சராப்புக் கடையில் கிடந்த செல்லாக் காசு ஒன்றை விளையாட்டாக அவள் முன்னால் வைத்தார். அக்கா அதை எடுத்து, வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். வாசித்து முடித்ததும் முகமே மாறிவிட்டது.

"ஏளா, இது சிமிர்னா. நம்ம கோயில்ல வாசிப்புல வருமே, அந்தச் சிமிர்னாதான்."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லுவானேன். சின்ன வயசிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிற ஊர்ப் பேர்கள். எபேசு, கொரிந்து, தெசலோனிக்கே எல்லாம் எங்களுக்குத் தூத்துக்குடி, திருச்செந்தூர் மாதிரிதான், ஆனால் கதையில் வருகிற ஊர் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அங்கேயும் தயிர்க்காரிக்கு மீதி கொடுக்கிறதுக்குக் காசு அடித்திருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புத்தியில் பட்டது. அக்காவுக்கு அதோடு பிடித்துக்கொண்டது. மரைக்காயர் தானும் கேட்டார், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களிடமும் இஸ்கந்தரியாவுக்குப் போகிற கப்பல்காரர்களிடமும் சொல்லி வைத்தார். "எந்தச் சராப்புக் கடையில போயும் செல்லாக் காசு இருக்கான்னு கேக்கச் சொல்லுதேன் வாத்தியாரம்மா. எனக்குக் கோட்டி பிடிச்சிட்டுன்னு காயல்ல பேசிக்கிடுதாக" என்பார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் மடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை அவிழ்ப்பார். ஏழெட்டு வருஷத்தில் முப்பது சேர்ந்தது.

முப்பத்தொன்றாவது மட்டும் கடல் தாண்டி வரவில்லை. சீவலப்பேரியில் நாற்று நடுகிற ஒருத்தி ஆற்றுமணலில் கிடந்தது என்று கொண்டுவந்து கொடுத்தாள். மிளகு மாதிரி சின்னது. எழுத்து ஒன்றும் மிச்சமில்லை, ராஜா தலை மட்டும் பாதி இருந்தது. எந்த ஊர்க் காசு என்று அக்கா மூன்று நாள் பார்த்துவிட்டு, "கெடைச்ச ஊரு சீவலப்பேரி. அப்ப இது சீவலப்பேரிக் காசு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எல்லாவற்றுக்கும் முதலில் அதைத்தான் வைப்பாள்.

அவளுக்கு உயிரான காசு ஒன்று இருந்தது. அந்தியோகியா பட்டணத்துக் காசு. பின்பக்கத்தில் ஒரு பொம்பளை பாறைமேல் உட்கார்ந்திருப்பாள், தலையில் கோட்டைமதில் மாதிரி கிரீடம். அவள் காலடியில் ஒரு ஆள் நீந்திக்கொண்டிருப்பான். பொம்பளைதான் பட்டணம், நீந்துகிறவன் அந்த ஊர் ஆறு என்று அக்கா விளக்கிச் சொன்னாள். வகுப்பில் பிள்ளைகளிடம் அதைக் காட்டி, இவள் பாளையங்கோட்டை, இது தாம்பிரபரணி என்று பூமிசாஸ்திரம் நடத்துவாள். நமக்கும் ஒரு காசு அடிக்கக் கிடைத்தால் பின்பக்கம் என்ன போடுவீர்கள் என்று கேட்பாள். பிள்ளைகள் நெல், பனை, தேர், நெல்லையப்பர் கோயில் கோபுரம், மணிக்கூண்டு என்று கத்தும். ஒரு குட்டி தன் வீட்டு எருமையைப் போடுவேன் என்றது. அதற்கும் அக்கா, சரி போடு என்றாள்.

இந்தப் பாடம் போய் ஒருதடவை இன்ஸ்பெக்டர் துரை முன்னால் வெடித்தது. பரீட்சிக்க வந்தவர், இந்த தேசத்துக்கு ராஜா யார் என்று நாலாம் வகுப்பில் கேட்டார். ஒரு பிள்ளை எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "எந்தப் பக்கத்துக்குய்யா?" என்று கேட்டுவிட்டது. துரைக்கு ஒன்றும் புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனார். அக்கா அந்தப் பிள்ளைக்கு மறுநாள் ஒரு சிலேட்டுக்குச்சி இனாம் கொடுத்தாள்.

நான் செய்த பாவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், இரண்டு வீட்டுப் பாத்திரத்தையும் முற்றத்தில் குவித்து வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் ஜன்னலில் ஒரு காசு பச்சைப் பாசி பிடித்த மாதிரி கிடந்தது. பண்டிகையும் அதுவுமாக இது மட்டும் அழுக்காக இருப்பானேன் என்று எடுத்து, புளி போட்டு, செங்கல்பொடி போட்டு நல்லா அழுத்தித் தேய்த்துவிட்டேன். செக்கச் செவேல் என்று புதுச் செம்பு மாதிரி ஆகிவிட்டது. பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு பக்கமும் வழுக்கை. எழுத்தும் இல்லை, கோயிலும் இல்லை. அக்கா அதை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"தலை போனாப் போவட்டும். ஒரு ஊரையே அழிச்சிட்டியேளா."

எட்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் ரோஷத்தில் பேசவில்லை. செல்லாக் காசுக்கு இவ்வளவு ராங்கியா என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் அவளே குழம்பு கொண்டுவந்து வைத்தாள். அந்த வழுக்கைக் காசைத் தூர எறிவாள் என்று நினைத்தேன், எறியவில்லை.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும். புது ராஜாவுக்கு முடிசூட்டுகிற வருஷம் அது. வெளியில் ஊர் இருந்த இருப்பு வேறு. கலெக்டர் துரையைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள், எங்கள் ஜில்லாவே அரண்டு கிடந்தது. யார் வீட்டுக்குள் எப்போது போலீஸ் நுழையும், எந்தக் காகிதத்தைப் பார்த்து என்ன கேட்கும் என்று யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் ஒதுங்கிப் போவான். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கொண்டாட்டம். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பெரியவள் ஒரு மிஸ்ஸியம்மா, வெள்ளைக்காரி. நல்லவள், காய்ச்சல் என்றால் தன் கையால் கஞ்சி கொண்டுவருவாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் தருகிற கிராண்டுப் பணம் நின்றுபோகுமோ என்று எப்போதும் பயந்துகொண்டே இருப்பாள். விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய துரைசானி வரப் போகிறாள் என்றதும் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அக்காவின் காசுகளையெல்லாம் ஒரு தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். ஆதிகாலத்து ராஜாக்களின் முகங்கள், கடைசியில் நம்முடைய ராஜாவின் முகம். அதற்காகப் புத்தம்புது ரூபாய் ஒன்றையும் கொடுத்துவிட்டாள்.

அக்கா யோசிக்காமல் சரி என்றாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தட்டுக்குத் துணி தைத்தது நான். சிவப்புப் பட்டில் முப்பத்திரண்டு வட்டம் வெட்டி, ஒவ்வொரு வட்டத்துக்கும் விளிம்பில் காஜா எடுத்து, பின்னால் ஒரு துணி வைத்துக் கட்டினேன். காசை உள்ளே நுழைத்தால் அசையாது. ஒருபக்கம்தான் வெளியே தெரியும், திருப்ப வேண்டுமென்றால் பின்கட்டை அவிழ்த்து விரலை விட்டு எடுக்க வேண்டும். என் கைவேலையிலேயே அது ஒன்றுதான் தேறும், நானே சொல்லிக்கொள்கிறேன். விழாவன்று காலையில் அக்கா காசுகளை அடுக்கித் தட்டைக் கூடத்தில் வைத்திருந்தாள். போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்றும் தலைகவிழ்ந்து கிடந்தது. கோயில், தேவதை, ஆறு, திராட்சைக்குலை, எல்லாம் ஊர்ப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் கீழே தமிழில் ஊர்ப் பேர் எழுதின சீட்டு. வழுக்கைக் காசுக்குக் கீழே, "தர்சு பட்டணம். என் தங்கை விளக்கியது" என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வரிசையின் கடைசியில் புது ரூபாய். அதுவும் கவிழ்ந்து கிடந்தது. ராஜா முகம் பட்டுக்குள்ளே. வெளியே தெரிந்தது பூக்கொடிக்கு நடுவில் ஒரு ரூபாய் என்ற எழுத்து. அதற்குக் கீழே இருந்த சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

இது வேலைக்கு உலை வைக்கிற காரியம். வேலை போனால் வளவு வீடும் போகும். அவளுக்குப் போக்கிடம் ஏது? அவளைத் தேடினேன். முற்றத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் வர மாட்டாள், வந்தாலும் கேட்க மாட்டாள். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. நான் பின்கட்டை அவிழ்த்தேன், விரலை விட்டேன், ரூபாயைத் திருப்பி முகம் தெரிய வைத்துக் கட்டிவிட்டேன். அரை நிமிஷ வேலை. என் காஜா எனக்குத் தெரியாதா?

துரைசானி வந்தாள். மிஸ்ஸியம்மா ஒவ்வொரு சீட்டாகப் படித்து இங்கிலீஷில் சொல்ல, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். முகங்கள் எங்கே என்று மிஸ்ஸியம்மாவுக்குக் கொஞ்சம் குழப்பம்தான், முகத்தில் தெரிந்தது. கடைசி ரூபாய்க்கு வந்ததும் துரைசானி நிமிர்ந்து கைதட்டினாள். மற்ற ராஜாக்களெல்லாம் முகத்தை மறைத்துக்கொண்டார்கள், நம்முடைய ராஜா மட்டும் முகம் காட்டுகிறார், எவ்வளவு அழகான யோசனை என்றாளாம். மிஸ்ஸியம்மாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. பயத்தில் செய்தது இவ்வளவு நல்லதாக முடிந்ததே என்று மனசுக்குள் ஸ்தோத்திரம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா உள்ளே வந்தாள்.

தட்டைப் பார்த்தாள். ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே வந்து தட்டைத் தூக்கிப் பின்கட்டை அவிழ்த்தாள். எல்லோரும் பார்க்கப் பார்க்க, பைய விரலை விட்டு அந்த ரூபாயை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். கட்டினாள். தட்டைப் பழையபடி மேசைமேல் நேராக வைத்து, முந்தானையால் விளிம்பைத் துடைத்தாள்.

துரைசானி ஏன் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள். அக்கா இங்கிலீஷில் பதில் சொன்னாள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ், நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் எனக்கே புரிந்தது. அவள் சொன்னதன் சாரம் இதுதான்: இந்தத் தட்டில் நான் ராஜாக்களைக் காட்டவில்லை, ஊர்களைக் காட்டுகிறேன். உங்கள் ராஜாவுக்கு இதில் ஒரு குறைவும் இல்லை. முப்பத்தோரு பேர் படுத்திருக்கிற மாதிரியேதான் அவரும் படுத்திருக்கிறார். அப்படியானால் எங்கள் காசின் இந்தப் பக்கத்தில் எந்த ஊர் இருக்கிறது என்று துரைசானி கேட்டாள். அக்கா அந்த எழுதாத சீட்டைத் தொட்டுக் காட்டினாள். ஒரு ஊரும் இல்லை, அதைத்தான் காட்டுகிறேன் என்றாள்.

துரைசானி கையுறையைச் சரி பண்ணிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள். அவளுக்கென்று வைத்த பாயசம் அப்படியே இருந்தது.

மறுநாள் போலீஸ் அதிகாரி ஒருவர் வந்தார். தட்டைக் கொண்டுவரச் சொல்லி, காசுகளை எண்ணி எழுதிக்கொண்டார். கிரேக்கு எழுத்தைப் பார்த்ததும் மனுஷனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. இது ஏதோ ரகசிய எழுத்து, கும்பலுக்குள் எழுதிக்கொள்கிறது என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக் காகிதத்தில் வரைய ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் நின்று, இந்தக் கால் இங்கன வளையணும், அது வட்டமில்லை நடுவில் கோடு உண்டு என்று அவருக்குத் திருத்திக்கொண்டிருந்தாள். நான் உள்ளே நின்று ஜெபம் பண்ணுகிறேன், இவள் எழுத்துப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். மிஸ்ஸியம்மா வந்து இது கிரேக்கு என்று சொன்ன பிறகுதான் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

எழுத்து விஷயம் தீர்ந்தது, ரூபாய் விஷயம் தீரவில்லை. மேலிடத்திலிருந்து மிஸ்ஸியம்மாவுக்குக் கடுதாசி வந்தது. அவள் அக்காவைக் கூப்பிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு, கெஞ்சாத குறையாகப் பேசினாள். கை தவறி நடந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், எல்லாம் மறந்துவிடும். நான் முந்திக்கொண்டு, ஆமாம்மா, கை தவறினதை நான் பார்த்தேன், சாட்சி எழுதித் தருகிறேன் என்றேன். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"என் கையை நீ தவற வைக்காதளா" என்றாள். அப்புறம் மிஸ்ஸியம்மாவிடம், "தெரிஞ்சுதாம்மா செஞ்சேன். தெரிஞ்சு செஞ்சேன்னு வேணா எழுதித் தாரேன்" என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதியும் கொடுத்தாள். மிஸ்ஸியம்மா அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கும்போது கண் கலங்கினது நிஜம். ஆனாலும் வாங்கிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் மட்டும் கையை வைக்காமல் இருந்திருந்தால்? துரைசானி அது ஒரு ரூபாய் என்று பார்த்துவிட்டுப் போயிருப்பாள். கவிழ்த்து வைத்தது கவனத்திலேயே பட்டிருக்காது. நான் திருப்பப் போய்த்தான் அவள் எல்லோர் முன்னாலும் திருப்ப வேண்டியதாயிற்று. அவள் சாமான் கட்டுகிற அன்றைக்கு நெஞ்சு தாங்காமல் போய்ச் சொல்லிவிட்டேன், அக்கா, அன்றைக்கு முதலில் திருப்பினது நான்தான் என்று.

"தெரியும். பின்கட்டு முடிச்சு ஒன் முடிச்சு" என்றாள். ஒரு அண்டாவுக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டே பேசினாள். "பயந்துட்ட. பயந்தது தப்பில்ல. என்னயக் கேக்காமத் திருப்பினதுதான் தப்பு."

அப்போதே மிஸ்ஸியம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டாள்.

"எனக்காவச் சொல்லாத. நீ போய்ச் சொன்னா நீயும் நடையைக் கட்டணும், அம்புட்டுதான் மிச்சம். ஒனக்காவச் சொல்லணும்னு என்னைக்குத் தோணுதோ அன்னைக்குச் சொல்லு."

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இவ்வளவு பிடிவாதம் எதற்கு, ஒரு காசு எப்படிக் கிடந்தால் என்ன, அதற்காக ஒரு மனுஷி வீடுவாசல் இல்லாமல் போவாளா என்று கத்தினேன். அவள் அந்தியோகியாக் காசை எடுத்து என் கையில் வைத்து, பார் என்றாள். பார்த்தேன். பாறைமேல் உட்கார்ந்திருந்த பொம்பளையும் அவள் காலடியில் நீந்துகிறவனும். காசை அடித்தவன் பேரும் தெரியாது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள் என்றும் தெரியாது. ஊர் இருந்தது, ஆறு இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மரைக்காயர் வண்டி கொண்டுவந்தார். காயலுக்குப் பக்கத்தில் புன்னக்காயலில் அவருக்குத் தெரிந்த தோணிக்காரர் வீட்டில் ஒரு அறை பேசி வைத்திருந்தார். கப்பலுக்குக் கடுதாசி எழுத அங்கே ஆள் வேண்டுமாம். வாத்தியாரம்மா எங்கள் ஊருக்கு வருவது எங்களுக்குத்தான் லாபம் என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே சாமான் ஏற்றினார். அக்கா காசுகளை மடியில் கட்டிக்கொண்டாள். ஆறு கடலில் விழுகிற இடத்துக்குப் போகிறேன், துக்கம் என்ன என்றாள். பட்டுத்துணியை மடித்து என்னிடம் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தேன். முப்பத்தோரு வட்டம் காலி. கடைசி வட்டத்தில் ரூபாய் மட்டும் இருந்தது, கவிழ்ந்தபடியே. அது பள்ளிக்கூடத்து ரூபாய், எனக்கு எதற்கு, மிஸ்ஸியம்மாவிடம் கொடுத்துவிடு என்றாள். கொடுத்துவிட்டேன். எந்தப் பக்கமாகக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், மேசையில் வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

வருஷக் கடைசியில் அந்த ராஜாவே கப்பலேறி வந்து டெல்லியில் கொலுவிருந்தார். இங்கே மறுபடியும் பள்ளிக்கூடத்தில் விழா. உபாத்தியாயினிகள் எல்லோருக்கும் மார்பில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு மெடல் வந்தது. ஒருபக்கம் ராஜா முகமும் ராணி முகமும். காலையில் வீட்டில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வழவழ என்று வெறுமையாக இருந்தது, நான் புளி போட்டுத் தேய்த்த காசு மாதிரி. ஒன்றும் போடவில்லை. ஒரு ஊர் போடுகிற அளவுக்கு இடம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாக வந்த டிராயிங் டீச்சர் இருமுகிற சத்தம் கேட்டது. மெடலின் மேல்வளையத்தில் ஊசியை எதிர்ப்பக்கமாக நுழைத்து, வெறும்பக்கம் வெளியே தெரியக் குத்திக்கொண்டு போனேன்.

எல்லோரும் வரிசையில் நின்றோம். மிஸ்ஸியம்மா ஒவ்வொருவர் முன்னாலும் நின்று சேலை மடிப்பு, மெடல் எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முன்னால் வந்ததும் நின்றாள். பாவம், அவசரத்தில் மாற்றிக் குத்திக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே கையை நீட்டி மெடலைத் திருப்பப் போனாள்.

நான் கையைக் குறுக்கே வைத்துவிட்டேன்.

"கேக்காமத் திருப்பாதீங்கம்மா" என்றேன். "அன்னைக்கு அந்த ரூபாயைக் கேக்காமத் திருப்பினது நான்தான்."

அவள் கை அந்தரத்தில் கொஞ்சநேரம் நின்றது. அப்புறம் பைய இறங்கியது. என் முகத்தைப் பார்த்தாள், நான் குனியவில்லை. பக்கத்தில் நின்ற டிராயிங் டீச்சரிடம் போனாள். மெடல் சாயங்காலம் வரை அப்படியே இருந்தது.